வரிசை எங்கே நிற்கிறதென்று பாருங்கள் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் கலைப்பட்டதாரி. திருகோணமலையில் ஒரு வங்கியில் கடன் பிரிவில் வேலை செய்துகொண்டே வார இறுதியில் எம்.பி.ஏ. படிக்கிறேன். சந்தைப்படுத்தலும் மனிதவளமும் சிரமமில்லாமல் போயின. இந்தத் தவணை செயற்பாட்டு முகாமைத்துவம் வந்ததும் திணறுகிறேன். எதை எடுத்தாலும் தொழிற்சாலை, இயந்திரம், சமன்பாடு. வங்கியில் இருக்கிற எனக்கு இது எதற்கு? மனப்பாடம் செய்து சித்தியடைந்தால் போதுமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: மனப்பாடம் மட்டும் வேண்டாம் பிள்ளை. திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் ஒன்று செய்யுங்கள். கடன் விண்ணப்பம் கைக்கு வந்ததிலிருந்து பணம் வரவு வைக்கும் வரைக்கும் நடுவில் எத்தனை கோப்பு கிடக்கிறதென்று எண்ணுங்கள். உங்கள் மேசை, அலுமாரி, மனேஜரின் அறை, மதிப்பீட்டுக்குப் போனவை எல்லாவற்றையும் சேர்த்து எண்ணவேண்டும். 60 என்று வைப்போம். ஒரு நாளைக்குச் சராசரியாக 4 கோப்பு முடிந்து போகிறதென்றால், இன்று வந்த கோப்பு வெளியே போக 15 வேலை நாள் பிடிக்கும். மூன்று கிழமை. நீங்கள் பயப்படுகிற லிட்டிலின் விதி இவ்வளவுதான். உள்ளே நிற்கும் எண்ணிக்கை என்பது, வந்து போகும் வேகத்தைத் தங்கும் காலத்தால் பெருக்கினால் வருவது. ஜோன் லிட்டில் 1961இல் இதற்கு நிறுவல் எழுதினார். நிறுவல் கடினம். பயன்படுத்துவதற்குப் பெருக்கலும் வகுத்தலும் போதும்.

பிறகு அந்த மூன்று கிழமையில் ஒரு கோப்பின் மேல் உண்மையாகக் கை பட்ட நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று மணித்தியாலம் தேறினாலே பெரிது. மிச்சமெல்லாம் காத்துக் கிடந்த நேரம். வீடு கட்ட வந்தவர், மகளைப் படிக்க அனுப்ப வந்தவர் எல்லாரும் அந்தக் கிடப்புக்காகத்தான் அலைகிறார்கள். இந்தப் பாடம் எதற்கென்று கேட்டீர்கள். அவர்களுக்காகத்தான்.

கோப்பு எங்கே கிடக்கிறது என்பது அடுத்த கேள்வி. அதை எங்கள் ஊர் ஆட்களுக்குப் புத்தகம் இல்லாமலே சொல்லலாம். கிண்ணியாவுக்கு 396 மீற்றர் நீளப் பாலம் வந்தது 2009 ஒக்டோபரில். அதற்கு முன் பாதைதான். வாகனத்தையும் சனத்தையும் ஏற்றிக் கடக்கும் மிதவைக்குத்தான் பாதை என்று பெயர். இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தான் விளங்கவேண்டியிருக்கிறது. சிறு வயதில் அப்பாவோடு மூதூருக்குப் போகையில் அந்தத் துறையில் நின்ற நேரங்கள் இன்னும் மனதில் இருக்கின்றன. கச்சான் சுருளை முடித்து, அந்தத் தாளை மடித்துக் கப்பல் செய்து, அதுவும் நனைந்துபோன பிறகும் எங்கள் பஸ் அதே இடத்தில் நிற்கும். சாரதி சீனக்குடாவிலிருந்து எவ்வளவு வேகமாக ஓட்டி வந்தாலும் பாதைக்கு முன்னால் நின்றாகவேண்டும். ரோட்டை அகலமாக்கியிருந்தால் பஸ்கள் இன்னும் கெதியாக வந்து இன்னும் நீளமான வரிசையில் நின்றிருக்கும். கிண்ணியாவைத் தாண்டினாலும் மூதூருக்கு முன் உப்பாறு, கங்கை, இறால்குழி என்று துறைகள் இருந்தன. ஒரு துறைக்குப் பாலம் வந்தால் நெரிசல் அடுத்த துறைக்கு நகரும். உங்கள் விரிவுரையாளர் பொட்டில்நெக் என்று கரும்பலகையில் எழுதுவது இதைத்தான்.

இதை நான் கற்றுக்கொண்டது வகுப்பில் இல்லை. கட்டுநாயக்கவில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் பிளானிங் பிரிவில் சேர்ந்த இரண்டாம் வருடம். எந்த மெசினும் சும்மா நிற்கக்கூடாது என்பது மேலிடத்துக் கட்டளை, நானும் அதை நம்பினேன். சேட் தைக்கும் லைனில் கை, முன்பக்கம், பின்பக்கம் தைக்கிற பிள்ளைகள் மணிக்கு 90, 100 என்று தள்ளுவார்கள். காலர் வைக்கும் இடத்தில் 70தான் வரும். எல்லாருக்கும் நிறைய வெட்டுத்துணி போகும்படி நான் திட்டம் போட்டேன். இரண்டு கிழமையில் காலர் மேசைக்குப் பக்கத்தில் பண்டல்கள் யன்னல் உயரத்துக்கு வந்துவிட்டன. ஒரே நீலத்தில் இரண்டு சாயல் கலந்துபோனது. பிரித்து எடுக்க இரவு வேலை போட்டோம். அப்படியும் கப்பலைத் தவறவிட்டு, விமானத்தில் அனுப்ப வேண்டி வந்தது. காலர் தைத்த பிள்ளைகள் இரண்டு பேர் பிழை தங்களுடையதென்று அழுதார்கள். பிழை என்னுடையது. மணிக்கு 70 கடக்கும் துறைக்கு 100 அனுப்பியவள் நான். அதற்குப் பிறகு காலருக்கு எவ்வளவு முடியுமோ அந்த அளவுக்குத்தான் வெட்டுப் பகுதியைத் திறந்துவிட்டேன். மற்ற மெசின்கள் இடைக்கிடை நின்றன. சேட்டுகள் நேரத்துக்குப் போயின.

உங்கள் வங்கியிலும் "ஒருவரும் சும்மா இருக்கக்கூடாது" என்பார்கள். டென்மார்க்கில் கொப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் இருந்த ஏர்லாங் என்ற கணிதர் 1909இல் தொடக்கிவைத்த வரிசைக் கணக்கு இந்த இடத்தில் உதவும். ஒரே ஒரு கவுண்டர், ஒழுங்கில்லாமல் வந்து சேரும் ஆட்கள் என்ற எளிய மாதிரியில், கவுண்டர் 80 வீதம் வேலையாக இருந்தால், ஒருவர் வரிசையில் நிற்பது சராசரியாகச் சேவை நேரத்தின் 4 மடங்கு. 90 வீதமானால் 9 மடங்கு, 95இல் 19 மடங்கு. ஓய்வூதியம் போடும் நாளில் வயதானவர்கள் கவுண்டருக்கு முன் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த 19 மடங்கு அவர்களுடைய முழங்காலில் இருக்கிறது.

பரீட்சைக்கு ஒரு வார்த்தை: சமன்பாடு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் உங்கள் கிளையிலிருந்து ஒரு எண்ணை எழுதி வையுங்கள். மறக்காது.

கேள்வி: பிரதான வீதிப் பக்கம் மொத்தக் கடை வைத்திருக்கிறேன். மகன் எம்.பி.ஏ. படித்துவிட்டு வந்து, ஒரு தடவைக்கு இத்தனை மூட்டைதான் எடுக்கவேண்டுமென்று ஒரு கணக்குப் போட்டுச் சொல்கிறான். முப்பது வருட அனுபவம் எனக்கு. யார் சொல்வது சரி?
– வாசகர், திருகோணமலை

பதில்: ஐயா, இரண்டு பேரும் ஒரு மேசையில் இருந்து பேசவேண்டிய விஷயம் இது. மகன் சொல்வது ஃபோர்ட் ஹாரிஸ் என்பவர் 1913இல் எழுதிய சூத்திரம். வருடத்துக்கு 1,200 மூட்டை சீனி போகிறதென்று வைப்போம். ஒரு தடவை எடுப்பிக்க லொறிப் பங்கு, ஏற்றுக்கூலி எல்லாம் 4,000 ரூபாய். ஒரு மூட்டையை ஒரு வருடம் வைத்திருக்க, முடங்கிய பணத்தின் வட்டியோடு 2,400 ரூபாய். 1,200ஐயும் 4,000ஐயும் பெருக்கி, இரட்டித்து, 2,400ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 63 மூட்டை வரும்.

மகன் அந்த 63ஐப் பிடித்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. 50 எடுத்தாலும் 80 எடுத்தாலும் வருடச் செலவு 1,56,000 ரூபாய்தான். 63 எடுத்தால் ஏறக்குறைய 1,51,800. வித்தியாசம் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. அந்த இடைவெளிக்குள் உங்கள் அனுபவம் தாராளமாக நடமாடலாம். மாரியில் கடற்காற்றுக்குச் சீனி கசியுமென்றும், தம்புள்ளைப் பக்கம் வெள்ளம் வந்தால் லொறி பிந்துமென்றும் அந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். ஆனால் விலை ஏறுமென்ற எண்ணத்தில் 300 மூட்டை அடுக்குகிற பழக்கம் இருந்தால், அதில் மகன் சொல்வதைக் கேளுங்கள். அதே கணக்கில் அது 3,76,000 ரூபாய்.

கேள்வி: எம்.பி.ஏ. ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறேன். துறைமுகமா, சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளா என்று குழப்பம்.
– வாசகர், மூதூர்

பதில்: தம்பி, இரண்டும் பெரிய தலைப்பு. தாங்கி ஒன்று ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர் கொள்ளும், அப்படி 99 இருக்கின்றன. ஆனால் உள்ளே போய் எண்ண உங்களுக்கு அனுமதி கிடைக்குமா? தரவு கையில் வராவிட்டால் ஆய்வு பத்திரிகைச் செய்திகளின் தொகுப்பாகிவிடும். கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்குப் போங்கள். ஒரு பலநாள் படகு ஐஸ், டீசல், தண்ணீர், சாப்பாட்டுச் சாமான் ஏற்றிப் புறப்படும் வரை எங்கெங்கே எவ்வளவு நேரம் நிற்கிறதென்று பதினைந்து படகுகளுக்குக் குறியுங்கள். கொப்பி ஒன்று, மணிக்கூடு ஒன்று போதும். முதல் இரண்டு நாள் எதையும் எழுதாமல் நின்று பாருங்கள், ஆட்களோடு கதையுங்கள். ஐஸ் நொறுக்குகிறவரிடம் முதலில் போங்கள். எந்தப் படகு எதற்காகக் காத்து நிற்கிறதென்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.