கறுப்புப் பந்து

வணக்கம் சார்,

நான் தன்பாலீர்ப்பாளன். ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவச் சங்கத்தின் லாட்ஜில், அதாவது உள்ளூர்க் கிளையில், சேர என் பெயரை முன்மொழிவதாக நண்பர் ஒருவர் சொல்கிறார். இந்த ஒரு குறையைத் தவிர மற்ற தகுதி எல்லாம் எனக்கு இருக்கிறது. இதை முன்பே சொல்லிவிட வேண்டுமா? அப்புறம், அது சதிகாரர்களின் ரகசியச் சங்கம் என்கிறார்களே, உண்மையா?

அன்புள்ள நண்பருக்கு,

'இந்த ஒரு குறையைத் தவிர' என்ற வரியைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது, உங்கள் மேல். அவர்கள் உங்களை எடைபோடும் முன்பே நீங்களே எதற்கு உங்கள் எடையைக் குறைத்துச் சொல்கிறீர்கள்? இனி யாருக்கும் அப்படி எழுதாதீர்கள்.

சதிக் கதையை விடுங்கள், பேசிப் பயனில்லை.

தன்பாலீர்ப்பாளரைச் சேர்க்காததுதான் மரபு என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஃப்ரீமேசன்களுக்காக 1723இல் அச்சான ஆண்டர்சனின் சட்டநூல் பெண்களை, அடிமைகளை, ஒழுக்கங்கெட்டவர்களை விலக்கியது. தன்பாலீர்ப்பைப் பெயர் சொல்லி விலக்கவில்லை. அமெரிக்காவில் ஜார்ஜியா கிராண்ட் லாட்ஜ், அதாவது அந்த மாநில லாட்ஜுகளின் தலைமை அமைப்பு, வெளிப்படையாகத் தடை போட்டது 2015இல்தான். டென்னசியிலும் தடை இருந்தது. அதற்காகவே 2016இல் கலிஃபோர்னியாவும் வாஷிங்டன் டி.சி.யும் அந்த இரண்டுடனும் உறவை நிறுத்தின. உலகம் முழுக்க ஒரே தலைமை கிடையாது, ஒவ்வொரு கிராண்ட் லாட்ஜுக்கும் அதனதன் சட்டம். உங்களுடையது எது என்று முதலில் கேளுங்கள்.

ஆனால் ரொம்ப நாளாக என்னை உறுத்துவது எழுதிய தடை அல்ல, புதியவரைச் சேர்க்கலாமா என்று உறுப்பினர்கள் நடத்தும் வாக்கெடுப்பு. பெட்டிக்குள் கையை விட்டு வெள்ளைப் பந்தோ கறுப்புப் பந்தோ போடுகிறார்கள். பல லாட்ஜுகளில் ஒரே ஒரு கறுப்புப் பந்து போதும், ஆள் வெளியே. போட்டவர் காரணம் சொல்ல வேண்டாம், யார் போட்டது என்று கேட்கவும் கூடாது. உள்ளே மனக்கசப்பு வரக்கூடாது என்று வைத்த ஏற்பாடு, சரி. ஆனால் எழுதிய தடை என்றால் இன்னொரு கிராண்ட் லாட்ஜ் உறவை முறிக்கலாம், உறுப்பினர்கள் ராஜினாமா செய்யலாம், அடுத்த வருடம் மறுபடி வாக்குக்கு விடலாம். பந்தை யார் எதிர்ப்பது? நாள் முழுக்கச் சகோதரத்துவம் பேசுகிறவர் கை பெட்டிக்குள் போனதும் என்ன செய்தது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். தடையே இல்லாத லாட்ஜிலும் இது நடக்கும், எல்லாரும் வருத்தப்பட்டபடி கலைந்து போவார்கள். இதை மாற்றாமல் எங்களிடம் பாகுபாடு இல்லை என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

சரி, உங்கள் கேள்வி. எல்லாரிடமும் அறிவிக்கத் தேவையில்லை, முன்மொழிகிறவரிடம் சொல்லுங்கள். உங்களுக்காக உத்தரவாதம் கொடுப்பவர் அவர். பல லாட்ஜுகளில் மனைவியரை அழைத்து விருந்து வைப்பார்கள். என் துணைவரை அங்கே கூட்டி வரலாமா என்று நேராகவே கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.