200 எம்பிபிஎஸ் ‘வரை’

கேள்வி: 200 எம்பிபிஎஸ் வேகம் என்று சொல்லி எங்கள் வீட்டிற்கு இணைய இணைப்புக் கொடுத்தார்கள். ஆனால் எந்தக் கோப்பைத் தரவிறக்கினாலும் கணினித் திரையில் 22, 23 என்றுதான் காட்டுகிறது. இரவில் அதுவும் பாதியாகிவிடுகிறது. விளம்பரத்தை நம்பி ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: பகல் கணக்கில் நீங்கள் ஏமாறவில்லை, இரவுக் கணக்கில் உங்கள் சந்தேகம் நியாயமானது. விளம்பரம் மெகாபிட்டில் பேசுகிறது (எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு இத்தனை மெகாபிட்), தரவிறக்கும் மென்பொருள் மெகாபைட்டில் பேசுகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் 200-ஐ எட்டால் வகுக்க 25 வரும். தரவோடு கூடவே செல்லும் முகவரி முதலான சுமையைக் கழித்தால், நீங்கள் பார்க்கும் 22, 23 ஏறத்தாழ முழு வேகமே. வேகத்தைப் பிட்டில் அளப்பது பொறியாளர்களின் பழைய வழக்கம்தான். அதனால் பெரிய எண் கிடைத்ததில் விற்பவர்களுக்கு வருத்தம் இருந்திருக்காது.

இரவு விஷயத்துக்கு, விளம்பரத்தில் எண்ணை ஒட்டிப் பொடி எழுத்தில் நிற்கும் ‘வரை’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். இன்று வீடுகளுக்கு வரும் ஃபைபர் இணைப்புகளில் பெரும்பாலானவை ஜிபான் என்ற முறையில் அமைந்தவை. அதில் ஒரே இழையில் வரும் விநாடிக்குச் சுமார் 2.5 ஜிகாபிட் (2,500 மெகாபிட்) கொள்ளளவை 32 அல்லது 64 வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. அறுபத்து நான்கு வீடுகளும் ஒரே நேரத்தில் முழுவீச்சில் இழுத்தால் வீட்டுக்கு 40 மெகாபிட்கூடத் தேறாது. அப்படி யாரும் சேர்ந்து இழுப்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் எல்லோருக்கும் 200 விற்கப்படுகிறது. அந்த அளவில் நம்பிக்கை அநேகமாகப் பொய்ப்பதில்லை. அதற்கு மேலே, உங்கள் பகுதி முழுவதன் போக்குவரத்தையும் நிறுவனத்தின் மையத்துக்குக் கொண்டுசெல்லும் இணைப்பு போதாதபோதுதான் இரவு நெரிசல் வருகிறது. அந்த இணைப்பை எத்தனை பேருக்குப் பங்கிட்டிருக்கிறார்கள் என்ற தகவலை எந்த விளம்பரப் பலகையிலும் நான் கண்டதில்லை.

பிரிட்டனில் முன்பு பத்தில் ஒரு வாடிக்கையாளருக்குக் கிடைத்தாலே ஒரு வேகத்தை ‘வரை’ என்று விளம்பரப்படுத்தலாம் என்றிருந்தது. 2018 மே முதல், இரவு 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் குறைந்தது பாதிப் பேருக்குக் கிடைக்கும் வேகத்தையே சொல்ல வேண்டும் என்று அங்குள்ள விளம்பர விதி மாறியது. இந்தியாவிலோ 2023-இல் திருத்தப்பட்ட வரையறையின்படி 2 எம்பிபிஎஸ் கிடைத்தாலே அது பிராட்பேண்ட்தான்.

கேள்வி: வேகச் சோதனையில் எப்போதும் முழு வேகம் காட்டுகிறது, படம் மட்டும் நின்று நின்று ஓடுகிறது. சோதனையே பொய்யா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: சோதனைத் தளங்கள் பொதுவாக அருகிலுள்ள சேவையகத்தை (சர்வரை) தாமாகவே தேர்ந்தெடுக்கும், பல நேரங்களில் அது உங்கள் நிறுவனத்தின் வலைப்பின்னலுக்குள்ளேயே இருக்கும். வாசலிலிருந்து தெருமுனை வரை வண்டி ஓடிய வேகத்தை வைத்துச் சென்னைக்குப் போய்ச் சேரும் நேரத்தைக் கணிப்பது போன்றது இது. வேறு ஊரில், வேறு நிறுவனத்தின் சேவையகத்தைத் தேர்ந்தெடுத்து, கணினியை ரவுட்டருடன் கம்பியால் இணைத்து, இரவு 9 மணிக்கு ஒரு வாரம் சோதித்துத் தேதி, நேரத்துடன் குறித்து வையுங்கள். கம்பியில் நன்றாக வந்து வைஃபையில் குறைந்தால் கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது. நான் பல மாதங்கள் நிறுவனத்தைத் திட்டிய பிறகுதான், என் பழைய ரவுட்டரின் போர்ட் 100 மெகாபிட்டுக்கு மேல் தாங்காது என்று கண்டுகொண்டேன்.

கேள்வி: ‘அன்லிமிடெட்’ என்ற சொல்லை நம்பலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: பல திட்டங்களில் மாதத்துக்கு 3,300 ஜிபி என்ற எல்லை உண்டு; அதைத் தாண்டினால் வேகம் சில மெகாபிட்டாகச் சுருங்கிவிடும். 200 எம்பிபிஎஸ் வேகத்தில் இடைவிடாமல் இழுத்தால் அந்த எல்லை சுமார் 37 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆனால் எச்.டி. தரத்தில் மணிக்கு 3 ஜிபி என்று வைத்துக்கொண்டால், ஒரு தொலைக்காட்சி மாதம் முழுவதும் அணையாமல் ஓடினாலும் எல்லையைத் தொடாது. ஆகவே சொல் தவறு, உங்களுக்கு நட்டம் அநேகமாக இல்லை.