இடிக்கப்பட்ட பகுதிகளைப் புதிதாகக் கட்டிய பிறகும் மார்ட்டின் வீட்டைப் பழைய வீடு என்று சொல்லலாமா?

அமெரிக்காவின் பஃபலோ நகரில் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாய்டு ரைட் வடிவமைத்த டார்வின் மார்ட்டின் வீட்டைப் பற்றியது இந்தக் கேள்வி. அந்த வளாகத்தில் முன்பு இடித்துத் தள்ளப்பட்ட மூன்று பகுதிகள் 2007இல் மறுபடியும் எழுப்பப்பட்டன. அவை வெறும் நகல்தானே என்பது கேட்டவரின் ஐயம். இல்லாமற்போன கட்டடத்தைத் திரும்பக் கட்டுவதைப் பொதுவாக நான் ஏற்பதில்லை. ஆனால் இந்த வீட்டைப் பொறுத்தவரை அது செய்தே ஆகவேண்டிய வேலை என்பது, நேரில் பார்த்த பிறகு எனக்கு உறுதியாயிற்று.

லார்க்கின் சோப்பு நிறுவனத்தின் உயர் அதிகாரியாக இருந்த மார்ட்டினுக்காக 1903 முதல் 1905 வரையிலான ஆண்டுகளில் ரைட் வடிவமைத்தது ஒரு தனி வீடு அன்று. பெரிய வீடு, மார்ட்டினின் சகோதரி குடும்பத்துக்கான பார்ட்டன் வீடு, வண்டிக்கொட்டகை, செடிகள் வளர்க்கும் கண்ணாடிக்கூடம், இவற்றை இணைக்கும் கூரையிட்ட நீண்ட நடைவழி ஆகியவை சேர்ந்த ஒரே அமைப்பு. நடுமேற்கு மாநிலங்களின் புல்வெளிச் சமவெளியிலிருந்து பெயர் பெற்ற பிரெய்ரி பாணியில், தாழ்ந்த கூரையும் வெகுதூரம் வெளியே நீளும் இறவாணமும் வரிசையாக அமைந்த ஜன்னல்களும் கண்ணைத் தரையோடு கிடைமட்டமாகவே இழுத்துச் செல்லும்.

முன்கதவுக்குள் நுழைந்ததும் நான் கண்டதை முதலில் சொல்ல வேண்டும். எதிரே பார்வை தடையின்றி வீட்டைக் கடந்து, ஏறத்தாழ 100 அடி நீளமுள்ள நடைவழிக்குள் புகுந்து, அதன் இருமருங்கிலும் நிற்கும் செங்கல் தூண்களைத் தாண்டி, கண்ணாடிக்கூடத்தின் வெளிச்சத்தில் சிறகு விரித்து நிற்கும், கிரேக்கரின் வெற்றித் தெய்வமான நைக்கியின் சிலையில் போய் முடிகிறது. வீட்டுக்குள் இருட்டு, நடைவழியில் நிழல், கடைசியில் வெளிச்சம் என்று படிப்படியாக அமைந்த அந்தக் காட்சிக்காகவே முழு வளாகமும் திட்டமிடப்பட்டது போலத் தோன்றியது. நடைவழியும் கண்ணாடிக்கூடமும் இல்லையென்றால் அந்த வாசலுக்கு அர்த்தமே இல்லை.

அவை எப்படி இல்லாமற்போயின என்பது வருத்தமான கதை. 1929 பங்குச்சந்தை வீழ்ச்சியில் மார்ட்டின் தம் செல்வத்தின் பெரும்பகுதியை இழந்து 1935இல் மறைந்தார். 1937இல் குடும்பம் வெளியேற, வீடு பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்து பாழடைந்தது. 1950களின் நடுவில் செபாஸ்டியன் டாரியெல்லோ என்ற கட்டடக்கலைஞர் அதை வாங்கியதால்தான் பெரிய வீடாவது பிழைத்தது. ஆனால் பின்பக்க நிலம் விற்கப்பட்டு, 1960களின் தொடக்கத்தில் நடைவழி, கண்ணாடிக்கூடம், வண்டிக்கொட்டகை மூன்றும் இடிக்கப்பட்டு, அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகள் வந்தன. 1967இல் பஃபலோ பல்கலைக்கழகம் வீட்டை வாங்கியது; மீட்புக்காகவே ஓர் அமைப்பு 1992இல் தொடங்கப்பட்டு, 1997இல் முறையான பணி ஆரம்பமான பிறகு, அந்தக் குடியிருப்புகள் அகற்றப்பட்டு, இழந்த மூன்றும் அதே இடத்தில் எழுந்தன.

இதில் கற்பனைக்கு அதிக இடம் இருக்கவில்லை. ரைட்டின் வரைபடங்களும், பழைய புகைப்படங்களும், மார்ட்டினும் ரைட்டும் எழுதிக்கொண்ட நூற்றுக்கணக்கான கடிதங்களும் பாதுகாக்கப்பட்டிருந்தன. செங்கல் வேலையை அருகில் போய்ப் பார்த்தால் அந்தக் கவனம் புரியும். ஏறத்தாழ ஓரடி நீளமும் ஒன்றரை அங்குலத் தடிமனும் கொண்ட மெல்லிய ரோமன் செங்கற்கள் அவை. படுக்கைவாட்டு இடுக்குகளில் சாந்து உள்வாங்கியிருக்கிறது. அதனால் ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு நிழற்கோடு ஓடுகிறது. நெட்டுவாட்டு இடுக்குகளிலோ செங்கல்லின் நிறத்திலேயே சாந்து கலந்து, மட்டமாகப் பூசப்பட்டிருக்கிறது. அதனால் சுவர் முழுவதும் நீண்ட கோடுகளாகவே தெரிகிறது. இந்த ஒன்றைத் தவறவிட்டிருந்தால் புதிய நடைவழி வெறும் செங்கல் கொட்டகையாகியிருக்கும். உள்ளே நான்கு நான்காகச் சேர்ந்து நிற்கும் தூண்களுக்கு நடுவே வெந்நீர்க் குழாய்ச் சூடேற்றிகளை மறைத்து வைத்திருக்கும் நேர்த்தியையும் சொல்லாமல் விட மனமில்லை.

எனக்குக் குறைகளும் தெரிகின்றன. வீட்டின் உட்புறம் உண்மையிலேயே இருண்டது. பார்வை மங்கியிருந்த திருமதி இசபெல் மார்ட்டினுக்கு அது உவப்பாக இருக்கவில்லை; பின்னாளில் ஏரிக்கரையில் ரைட் கட்டிய கோடைக்கால வீடான கிரேகிளிஃப் வெளிச்சத்தோடு அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மீட்புப் பணி அந்த இருட்டைத் திருத்த முயலவில்லை; அதுவே நேர்மை என்பேன்.

என்னால் முழு மனத்தோடு ஏற்க முடியாதது கண்ணாடி விஷயம் ஒன்றுதான். வளாகத்தில், சிறு கண்ணாடித் துண்டுகளைப் பொருத்திச் செய்த கலைக்கண்ணாடிப் பலகைகள் ஏறத்தாழ 400 இருந்தன. ‘வாழ்வின் மரம்’ எனப்படும் ஜன்னல் ஒன்றில் மட்டும் 750க்கு மேற்பட்ட துண்டுகள். வீடு கைவிடப்பட்ட காலத்திலும் அதற்குப் பிறகும் இவற்றில் பல அருங்காட்சியகங்களுக்கும் தனியாரிடமும் போய்ச் சேர்ந்தன. செங்கல்லை அதே முறையில் மீண்டும் அடுக்கினால் சுவர் சுவராகவே இருக்கும். ஆனால் ஒரு கைவினைஞர் 1904 வாக்கில் வெட்டிப் பொருத்திய கண்ணாடிக்குப் பதிலாக இன்று செய்ததை வைத்தால், வெளிச்சம் அதே போல விழுந்தாலும், அது வேறொருவரின் வேலை. எனவே புதிதாகக் கட்டிய மூன்று பகுதிகளையும் தயக்கமின்றி அந்த வீட்டின் பகுதியாக ஏற்கிறேன். புதிதாகச் செய்த ஜன்னல்களை மட்டும், மூலம் திரும்பி வரும்வரை அதன் இடத்தைக் காத்து நிற்பவையாகவே பார்க்கிறேன்.