ஹாக்லரா, சுவாலோவா: எடைப் பிரிவு கடந்து தாங்குதிறனை ஒப்பிடலாமா?

கேள்வி: குத்துச்சண்டையில் மிடில்வெயிட் (நடு எடைப் பிரிவு) சாம்பியன் மார்வின் ஹாக்லர், கனடாவின் ஹெவிவெயிட் (மிகு எடைப் பிரிவு) வீரர் ஜார்ஜ் சுவாலோ ஆகிய இருவரில் குத்துகளைத் தாங்கும் வலு யாருக்கு அதிகம்?

சுவாலோவுக்கு என்பதே என் முடிவு. அவர் 93 தொழில்முறைப் போட்டிகளில் ஒருமுறைகூடத் தரையில் விழுந்ததில்லை. 1967-ல் ஜோ ஃபிரேசியருடன் நான்காவது சுற்றிலும் 1970-ல் ஜார்ஜ் ஃபோர்மனுடன் மூன்றாவது சுற்றிலும் போட்டி நிறுத்தப்பட்டபோதுகூட அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். முகமது அலியுடன் 1966-ல் 15 சுற்றுகள், 1972-ல் 12 சுற்றுகள் என இரண்டு போட்டிகளையும் முழுமையாக ஆடி முடித்தார். வென்றவற்றைவிடத் தோற்ற போட்டிகளால் அதிகம் நினைக்கப்படும் அபூர்வ வீரர் அவர்.

ஹாக்லரின் கணக்கும் ஏறத்தாழ அதே அளவு தூய்மையானது. 67 போட்டிகளில் அவர் பெயரில் பதிவான நாக் டவுன் (குத்து வாங்கித் தரையில் விழுதல்) ஒன்றே ஒன்று. 1984-ல் ஹுவான் ரோல்டானுடன் முதல் சுற்றில் நடுவர் எண்ணிய அதையும், தான் வழுக்கியதாகவே ஹாக்லர் வாதிட்டார். 1985-ல் லாஸ் வேகஸில் தாமஸ் ஹர்ன்ஸின் முழுவேக வலக்கைக் குத்துகளை முதல் சுற்றிலேயே வாங்கிக்கொண்டு முன்னேறியதுதான் அவருடைய உண்மையான சான்றிதழ். அந்தச் சுற்றில் முறிந்தது ஹர்ன்ஸின் கை.

கேள்வி: சுவாலோவை அடித்தவர்கள் பெரியவர்கள்; அவரும் பெரியவர். ஹாக்லரை அடித்தவர்கள் அவர் எடையினர். விகிதப்படி பார்த்தால் இருவரும் சமம்தானே?

பலரும் இப்படித்தான் வாதிடுகிறார்கள். ஆனால் இந்த விகிதக் கணக்கில் தலை என்ற உறுப்பு விடுபட்டுவிடுகிறது. மிடில்வெயிட் வரம்பு 72.5 கிலோ, சுவாலோ காலத்தின் பெரிய ஹெவிவெயிட் வீரர் 98 கிலோ அளவில் இருப்பார். உடல் எடை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுகிறது என்பதற்காகத் தலையின் எடையும் அதே விகிதத்தில் கூடுவதில்லை. வளர்ந்த மனிதர் எவருக்கும் அது நான்கரை, ஐந்து கிலோவை ஒட்டியே இருக்கும். குத்தின் பின்னால் வரும் தோளும் இடுப்பும் காலும் மட்டும் கனத்துக்கொண்டே போகின்றன.

1985-ல் வெளியான ஓர் ஆய்வில் பிரிட்டனின் ஹெவிவெயிட் வீரர் ஃபிராங்க் புருனோவின் குத்தை அளந்தார்கள். அவருடைய கை நொடிக்கு 8.9 மீட்டர் வேகத்தில் இலக்கைத் தொட்டது. உச்ச விசை 4,096 நியூட்டன். இத்தகைய விசை தாடையின் ஓரத்தில் விழும்போது தலை சட்டென்று திரும்புகிறது. மண்டையோடு திரும்பும் வேகத்துக்கு உள்ளிருக்கும் மூளை ஈடுகொடுக்க முடியாததால்தான் வீரர் நினைவிழக்கிறார். எனவே ஹெவிவெயிட்டில் விழாமல் நிற்பது, மிடில்வெயிட்டில் நிற்பதன் பெரிய நகல் அன்று. அதைவிடக் கடினமான தேர்வு.

கேள்வி: அப்படியானால் ஃபோர்மனிடம் ஹாக்லர் விழுந்திருப்பார் என்கிறீர்களா?

அதை நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. கனமான குத்தைத் தாங்கியவர் லேசான குத்தையும் தாங்குவார் என்று மேலிருந்து கீழ்நோக்கி ஊகிக்கலாம். அதையே தலைகீழாக்கினால் ஆதாரம் நின்றுவிடுகிறது. ஹர்ன்ஸ், ஹாக்லருடன் மோதிய இன்னொருவரான ஜான் முகாபி ஆகியோர் கேட்ட கேள்விக்கு ஹாக்லர் பதில் சொல்லிவிட்டார். ஃபோர்மனின் கேள்வி அவரிடம் கேட்கப்படவே இல்லை. கீழ்நோக்கிய ஊகத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு. சுவாலோவைச் சொந்த எடையிலேயே நிறுத்த வேண்டும். 72 கிலோவுக்கு இளைத்த சுவாலோ என்பவர் கற்பனை மனிதர்.

கேள்வி: ஜேம்ஸ் டோனி மிடில்வெயிட்டிலிருந்து ஹெவிவெயிட்டுக்குப் போய்த் தாக்குப்பிடித்தாரே?

இந்த விவாதத்தில் ஊகத்தை விட்டுச் சான்றைப் பேச இடமளிப்பவர் அவர்தான். 1991-ல் மைக்கேல் நன் என்பவரை 11-வது சுற்றில் வீழ்த்தி மிடில்வெயிட் பட்டம் வென்ற டோனி, 2003-ல் 98 கிலோ அளவில் இவாண்டர் ஹோலிஃபீல்டை ஒன்பதாவது சுற்றில் நிறுத்தினார். பிறகு கடும் அடிக்குப் பெயர்பெற்ற சாமுவேல் பீட்டருடன் இரண்டு முறை தலா 12 சுற்றுகள் நின்றார். தன் குத்துச்சண்டை வாழ்க்கையில் நாக் அவுட்டில் தோற்றதே இல்லை. கூடிய எடையில் பெரும்பகுதி தசை அன்று என்பது அவர் வயிற்றைப் பார்த்தாலே தெரியும். ஆகவே எடைதான் காப்பாற்றியது என்று சொல்வதற்கில்லை.

அவரைக் காத்ததில் பாதி பங்கு தோளுக்குப் பின்னால் தாடையை மறைத்து, குத்தோடு சேர்ந்து உருளும் தற்காப்புக்கு உண்டு. முழுமையாகப் பட்ட குத்தையும் உருட்டிவிட்ட குத்தையும் ஒரே பட்டியலில் சேர்த்து எண்ணினால் எந்த ஒப்பீடும் பொய்யாகிவிடும். எடை கடந்த தாங்குதிறனுக்கு ஒருவரைச் சுட்டச் சொன்னால், ஹாக்லரையும் சுவாலோவையும் விட்டுவிட்டு நான் டோனியைத்தான் சுட்டுவேன்.

கேள்வி: ராய் ஜோன்ஸ் ஹெவிவெயிட்டில் வென்றுவிட்டுக் கீழே வந்தபோது ஏன் விழுந்தார்?

2003 மார்ச்சில் ஜான் ரூயிஸை வென்றபோது ஜோன்ஸின் எடை சுமார் 87.5 கிலோ. அங்கிருந்து லைட் ஹெவிவெயிட் வரம்பான 79.4 கிலோவுக்கு இறங்கியவரை 2004 மே மாதம் அன்டோனியோ டார்வர் இரண்டாவது சுற்றிலும், செப்டம்பரில் கிளென் ஜான்சன் ஒன்பதாவது சுற்றிலும் வீழ்த்தினார்கள். சேர்த்த தசையைக் கரைத்ததே காரணம் என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதைவிட வயது பெரிதாகத் தெரிகிறது: அவருக்கு அப்போது 35. விலகும் வேகத்தையே கவசமாகக் கொண்டிருந்தவரின் கால்கள் தாமதித்தபோது, அதுவரை சோதிக்கப்படாத தாடை வெளியே வந்தது.

கேள்வி: ஹாக்லருடன் 15 சுற்றுகள் நின்ற ராபர்டோ டுரான், ஏழே மாதத்தில் ஹர்ன்ஸிடம் இரண்டாவது சுற்றில் விழுந்தார். ஹர்ன்ஸின் குத்து ஹாக்லருடையதைவிட வலுவானது என்று கொள்ளலாமா?

ஓரளவு கொள்ளலாம், ஆனால் அதே ஹர்ன்ஸை ஹாக்லர் மூன்றே சுற்றில் முடித்தார். உயரமான ஹர்ன்ஸ் தூரத்திலிருந்து நீட்டிய வலக்கை டுரானின் பாணிக்குப் பொருந்தாத ஆயுதம். ஹாக்லரோ டுரானை அளவுக்கு மீறி மதித்து, எச்சரிக்கையோடு ஆடினார்.

கேள்வி: தாங்குதிறனைப் பயிற்சியால் வளர்க்க முடியுமா? ஹெட்கார்டு (தலைக்கவசம்) உதவுமா?

தாடையின் தாங்குதிறனை வளர்க்க முடியாது. வலுவான கழுத்தும், குத்து வருவதைப் பார்க்கும் கண்ணும் உதவும். பார்க்காத குத்துதான் வீழ்த்துகிறது. ஹெட்கார்டு முகம் கிழிவதைக் குறைக்கும், ஆனால் தலை திரும்புவதைத் தடுக்காது; 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் அது இல்லாமலேயே மோதினார்கள்.