பச்சையும் ‘வெர்தே’யும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில மாதங்களாக ஸ்பானிய மொழி கற்று வருகிறேன். ஆபாசத் துணுக்கை அம்மொழியில் ‘சிஸ்தே வெர்தே’, அதாவது பச்சைத் துணுக்கு, என்பார்கள் என்று ஆசிரியை சொன்னபோது வியந்துபோனேன். நாமும் ‘பச்சை பச்சையாகப் பேசுகிறான்’ என்கிறோமே! இரு மொழிகளுக்கும் இடையே ஏதேனும் பழைய தொடர்பு உண்டா? இலத்தீனிலிருந்து பிறந்த மற்ற மொழிகளிலும் பச்சைக்கு இப்பொருள் உண்டா?

தங்கள் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வரலாற்றுத் தொடர்பு இல்லை. ஆனால் இரண்டு சொற்களும் அந்தப் பொருளுக்கு வந்து சேர்ந்த வழிகள் வேறு வேறானவை என்பதால், உங்கள் கேள்வி நீங்கள் நினைத்ததைவிட ஆழமானது.

தளிர்த்திருத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல் ‘விரிதிஸ்’. மக்கள் பேச்சில் அதன் நடு உயிர் தேய்ந்து ‘விர்திஸ்’ ஆயிற்று. ‘விரிதிஸ் என்க, விர்திஸ் அன்று’ என்று திருத்தும் பழைய பிழைதிருத்தப் பட்டியல் ஒன்று இன்றும் கிடைக்கிறது. பட்டியல் தோற்றது, பிழை வென்றது. ஸ்பானியம், போர்த்துகீசியம், இத்தாலியம், ருமேனியம் ஆகியவற்றின் ‘வெர்தே’, கத்தலானின் ‘வெர்த்’, பிரெஞ்சின் ‘வேர்’ அனைத்தும் அந்தப் பிழையின் பிள்ளைகள். மற்ற நிறங்கள் பலவும் இவ்வளவு உறுதியாக நிற்கவில்லை: வெண்மைக்கு ருமேனியம் இலத்தீன் சொல்லைக் காத்தது, பிரெஞ்சும் ஸ்பானியமும் இத்தாலியமும் ஜெர்மானியச் சொல்லை ஏற்றன, நீலத்துக்கு ஸ்பானியம் அரபு வழியாக வந்த சொல்லைக் கொண்டது. பச்சையோ எங்கும் பழைய வேரிலேயே நிலைத்தது.

அந்த வேர் நிறத்தைவிடத் தளிரையே முதன்மையாகச் சுட்டியது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று, ஸ்பானியத்தின் ‘வெர்துகோ’. அச்சொல் முதலில் மரத்தில் புதிதாகத் துளிர்த்த கொம்பைக் குறித்தது. பின் அந்தக் கொம்பைப் போன்ற சாட்டையை, பின் அந்தச் சாட்டையை வீசுபவனை. இறுதியில் தண்டனை நிறைவேற்றும் கொலையாளனுக்கே பெயராயிற்று. சாட்டையடியால் உடம்பில் எழும் தடிப்புக்கும் இதே குடும்பத்துச் சொல்தான். அதே இளங்கொம்பை வளையமாக வளைத்து உள்ளே தைத்த அகன்ற பாவாடையும் ‘வெர்துகாதோ’ எனப்பட்டது. ஒரு தளிர் கொலைக்களத்துக்கும் அரசவை மகளிரின் உடைக்கும் ஒருசேரப் பெயர் கொடுத்திருக்கிறது.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். ஸ்பானியத்தில் ஆபாசம் தளிரின் சாற்றிலிருந்து வருகிறது. சாறு வற்றாத மரம் பச்சை, இளமை வற்றாத மனிதனும் பச்சை. பிரெஞ்சில் முதியவர் ஒருவர் இன்னும் ‘வேர்’ என்றால் அது பாராட்டு. ஸ்பானியத்திலோ ‘வியேஹோ வெர்தே’, பச்சைக் கிழவன், வயதுக்கு ஒவ்வாத காமம் கொண்டவன் என்னும் வசை. இளமை, அதன் துள்ளல், அந்தத் துள்ளலின் காமம் என்று பொருள் படிப்படியாகச் சரிந்து துணுக்குகளையும் தொட்டது.

தமிழின் வழி இதுவன்று. பச்சரிசி வெள்ளையாக இருக்கிறது, பச்சைத் தண்ணீருக்கு நிறமே இல்லை. இவற்றில் ‘பச்சை’ என்பது நெருப்பு படாமை, பக்குவம் செய்யப்படாமை. பச்சையாகப் பேசுவதும் அப்படித்தான்: மறைப்பும் பூச்சும் இல்லாத பேச்சு. ‘பச்சையாகச் சொன்னால்’ என்று ஆபாசமே இல்லாத இடத்திலும் நாம் தொடங்குகிறோம் என்பதைக் கவனியுங்கள். பழுக்காத பழத்தையும் காயாத விறகையும் ஸ்பானியர் ‘வெர்தே’ என்பார்கள்; போர்த்துக்கல்லின் ‘வின்யு வெர்த்’ என்னும் பச்சை மது, வெள்ளையோ சிவப்போ, முதிரவிடாமல் இளசாகவே அருந்தப்படுவதால் அப்பெயர் பெற்றது என்பார்கள். ஆனால் வேகாத அரிசியையோ இறைச்சியையோ அவர்கள் அச்சொல்லால் குறிக்க மாட்டார்கள். அதற்கு ‘க்ருதுஸ்’ என்னும் வேறொரு இலத்தீன் வேர் இருக்கிறது. ஸ்பானியத்தில் ‘க்ரூதோ’, பிரெஞ்சில் ‘க்ரூ’. தமிழ் ஒரே சொல்லில் அடக்கியதை இலத்தீன் இரண்டாகப் பகுத்து வைத்தது.

ஆகவே நம் பச்சைப் பேச்சின் உண்மையான இணை ஸ்பானியத் துணுக்கு அன்று; மூடிமறைக்காத, கொச்சையான பேச்சைக் குறிக்கப் பிரெஞ்சுக்காரர் ‘க்ரூ’ என்கிறார்களே, அதுதான். பிரெஞ்சில் பச்சையும் இந்த வட்டாரத்துக்கு வராமல் இல்லை. கூசவைக்கும் கதைகள் சொல்வதை ‘பச்சையானவையும் பழுக்காதவையும் சொல்லுதல்’ என்பார்கள். கொச்சை வழக்கைப் ‘பச்சை மொழி’ என்றார்கள், 1866இல் அல்ஃப்ரெத் தெல்வோ என்பவர் அதற்கோர் அகராதியையே வெளியிட்டார். ஆனால் அங்கே அடிப்படை பழுக்காத காயின் துவர்ப்பு.

மற்ற மொழிகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இத்தாலியத்தில் ஆபாசப் படத்தின் நிறம் சிவப்பு. ஸ்பானியத்துக்குள்ளும் ஒற்றுமை இல்லை: உங்கள் ஆசிரியை சொன்ன அதே துணுக்கு, மெக்ஸிகோவில் ‘சிஸ்தே கொலொராதோ’, சிவப்புத் துணுக்கு.