கூட்டாகப் பொருள் உருவாக்கும் கையேட்டை எப்படிச் சோதிப்பது, எப்படித் திருத்துவது?

சில சிறு நிறுவனங்கள் சேர்ந்து ஒரு புதிய பொருளை உருவாக்குவதற்காக நடைமுறைக் கையேடு ஒன்றை எழுதியிருப்பதாகவும், அது உண்மையில் பயன்படுகிறதா என்று எப்படி மதிப்பிடுவது, எப்படி மேம்படுத்துவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கோயம்புத்தூரில் ஐந்து பட்டறைகள் கூடி ஒரு மோனோபிளாக் பம்பை (மோட்டாரும் பம்பும் ஒரே தண்டில் அமைந்த நீரேற்றி) உருவாக்கியபோது, அதற்கான கையேட்டை எழுதியவர்களில் நானும் ஒருவன். பிறகு அதைத் திருத்தும் பொறுப்பும் என்னிடமே வந்தது. அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

படித்தவர்களிடம் கருத்துக் கேட்டுக் கையேட்டை மதிப்பிட வேண்டாம். எங்கள் பக்கத்தில் யாரிடம் கேட்டாலும், மரியாதைக்காகவேனும், "நல்லா இருக்குதுங்க" என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, கையேடு எழுதப்பட்டபோது உடன் இல்லாத ஒருவரிடம் அதைக் கொடுத்து, அதை மட்டுமே வைத்துக்கொண்டு ஒரு வேலையைச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் அருகிலேயே இருந்து, வாய் திறக்காமல் கவனியுங்கள். அவர் எந்த இடத்தில் தயங்கிக் கைபேசியை எடுக்கிறாரோ, அங்கேதான் கையேட்டில் ஓட்டை இருக்கிறது.

எங்களுக்கு இது தாமதமாகத்தான் புரிந்தது. "வரைபடத்தில் உள்ள அளவுப்படி பேட்டர்ன் செய்து பவுண்டரிக்கு அனுப்புக" என்று எழுதியிருந்தோம். பேட்டர்ன் என்பது, உருக்கிய இரும்பை ஊற்றும் மணல் அச்சை எடுப்பதற்கான மாதிரி வடிவம்; பவுண்டரி, அந்த வார்ப்பு நடக்கும் இடம். முதல் முறை செய்த பேட்டர்ன்காரர் பல ஆண்டுகள் எங்களோடு பழகியவர் என்பதால், எழுதாததையும் அவரே கேட்டுத் தெரிந்துகொண்டார். இரண்டாம் முறை வேலை வேறு ஒரு பட்டறைக்குப் போனது. பேரிங் உட்காரும் துளை, லேத்தில் இரும்பைச் சீவி எடுக்கும் கடைசல் முடிந்த பிறகு 47 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வரைபடம் காட்டியதும் அந்த முடிந்த அளவைத்தான். அவர் வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறத்தாழ ஒரு சதவீதம் சுருங்கும் என்பதற்கான கூடுதலை முறையாகச் சேர்த்தார். ஆனால் கடைசலுக்கு விட வேண்டிய கனம் வரைபடத்திலேயே சேர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். வார்ப்படம் வந்தபோது, மணல் தோலோடு கரடுமுரடாக இருந்த துளையே 47 மில்லிமீட்டர் இருந்தது. பக்கத்துக்கு மூன்று மில்லிமீட்டர் விட்டு 41 ஆக வந்திருந்தால் கடைந்து எடுத்திருக்கலாம். கடைய அங்கே இரும்பே இல்லாததால் இருபத்தைந்து வார்ப்படங்களும் மீண்டும் உலைக்குப் போயின.

அதற்குப் பிறகு எங்கள் முதல் பேட்டர்ன்காரரிடம் அதே பக்கத்தைக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "தம்பி, கடைசலுக்கு எச்சா எவ்வளவு விடோணும்னு இதுல இல்லீங்களே" என்றார். இத்தனை நாள் அந்தக் குறை தெரியாமல் போனதற்குக் காரணம் அவருடைய திறமைதான் என்பது அப்போது எனக்கு உறைத்தது. அனுபவசாலிகளை மட்டும் வைத்துச் சோதித்தால் எந்தக் கையேடும் தேறிவிடும்.

கூட்டு வேலையில் தவறு பெரும்பாலும் ஒரு பட்டறைக்குள் நடப்பதில்லை. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் பொருள் மாறும் இடத்தில்தான் நடக்கிறது. ஆகவே திருத்தும்போது அந்தக் கைமாறும் பக்கங்களுக்கே அதிக நேரம் செலவிட்டோம். ஓர் அளவை எழுதினால், அது எந்த நிலையில் எடுக்கப்பட்ட அளவு என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்று முடிவு செய்தோம். திருப்பூர்க்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே நிட்டிங், சாயம், காம்பாக்டிங் (பின்னால் சுருங்காதபடி துணியை முன்பே நெருக்கி அழுத்துவது), கட்டிங், தையல் என ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் நடக்கிறது. துணி 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 180 கிராம்) இருக்க வேண்டும் என்றால், வட்டக் கட்டரால் 100 சதுர சென்டிமீட்டர் துண்டு வெட்டி எடை போடுவார்கள், 1.8 கிராம் இருந்தால் சரி. ஆனால் காம்பாக்டிங்குக்கு முன் எடுத்த எடையும் பின் எடுத்த எடையும் ஒன்றாக இருக்காது. எப்போது எடுத்தது என்று எழுதாத 180 என்ற எண்ணை வைத்துக்கொண்டு இரண்டு பட்டறைகள் நாள் முழுவதும் வழக்காடலாம், இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கும். ஒப்புதல் பெற்ற மாதிரியை முத்திரையிட்டுத் தையல் லைனில் தொங்கவிடும் அவர்களுடைய வழக்கத்தையும் நாங்கள் எடுத்துக்கொண்டோம். சரியான வார்ப்படம் ஒன்றும் தள்ளுபடியான வார்ப்படம் ஒன்றும் முறையே பச்சை, சிவப்பு பெயின்ட் அடித்து இப்போது ஒவ்வொரு பட்டறையிலும் இருக்கின்றன. கையேட்டின் நான்கு பக்க விளக்கத்தை அந்த இரண்டு இரும்புத் துண்டுகள் தேவையற்றதாக்கிவிட்டன.

மாற்றத்தை யார் யாருக்குச் சொல்வது என்பது இன்னொரு பெரிய ஓட்டை. சோதனையில் தண்ணீர் ஏறும் உயரம் குறைவாக வந்ததால், லேத் பட்டறையில் இம்பெல்லரின் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) விட்டத்தை 125 மில்லிமீட்டரிலிருந்து 130 ஆகக் கூட்டினார்கள். உயரம் ஏறத்தாழ விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும் என்பதால் எட்டு சதவீதம் கூடியது, அனைவரும் மகிழ்ந்தோம். ஆனால் மோட்டார் இழுக்கும் திறன் ஏறத்தாழ விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். அது பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றும் வைண்டிங் வேலை செய்தவருக்கு இதை யாரும் சொல்லவில்லை. தொடர்ந்து ஓடவிட்டபோது மோட்டார் தொட முடியாத அளவுக்குச் சூடேறியது. "எந்த மாற்றமும் உடனே தெரிவிக்கப்பட வேண்டும்" என்ற வரி எங்கள் கையேட்டில் அப்போதும் இருந்தது. யாருக்கு என்பது இல்லாததால் அது யாருடைய வேலையாகவும் ஆகவில்லை. இப்போது இம்பெல்லர் பக்கத்தில், "விட்டம் ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் வைண்டிங் பட்டறைக்குச் சொல்லி, அவர் சரி என்ற பிறகே அடுத்ததைக் கடைக" என்று எழுதியிருக்கிறோம்.

மதிப்பிடுவதற்கு இரண்டு எளிய சான்றுகள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். ஒன்று, தொலைபேசிக் கேள்விகள். யார், எதைப் பற்றி, எந்தக் கட்டத்தில் கேட்டார் என்று ஒரு நோட்டில் எழுதி வந்தோம். ஒரே கேள்வி இரண்டு பட்டறைகளிலிருந்து வந்தால் அந்த வாரமே பக்கம் திருத்தப்பட்டது. மற்றொன்று, கையேட்டுப் பிரதிகளே. ஆறு மாதம் கழித்து அவற்றைத் திரும்ப வாங்கிப் பார்த்தபோது, அளவுப் பட்டியலும் சோதனைப் பக்கமும் எண்ணெய் விரல் பட்டுக் கறுத்திருந்தன. கூட்டம் நடத்தும் முறைகள் பற்றி நான் மிகுந்த அக்கறையோடு எழுதிய பகுதி அச்சகத்திலிருந்து வந்தபடியே வெள்ளையாக இருந்தது. அதை முழுவதும் எடுத்துவிட்டோம்.

மொழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: பட்டறையில் புழங்கும் சொற்களிலேயே எழுதுங்கள், வடமாநிலத் தொழிலாளர்கள் வேலை செய்யும் இடங்களுக்குப் படம் வரைந்து ஒட்டுங்கள்.

பணத்தைப் பற்றிய பக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நாங்கள் கூச்சத்தால் விட்டோம். "பாத்துக்கலாங்க" என்ற ஒரு சொல்லில் எத்தனையோ வேலைகள் இங்கே நல்லபடியாக முடிந்திருக்கின்றன என்பது உண்மை, அந்த நம்பிக்கையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும் அந்த இருபத்தைந்து வார்ப்படங்களின் கூலியை யார் ஏற்பது என்று பேசியபோது, பல ஆண்டுகள் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். சோதனை வார்ப்படம் தள்ளுபடியானால் செலவை எப்படிப் பகிர்வது, பேட்டர்ன் யாருக்குச் சொந்தம், கூட்டு வேலை நின்றுபோனால் அது யாரிடம் இருக்கும் என்ற மூன்றையும் இப்போது முதல் பக்கத்திலேயே எழுதி, ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

திருத்திய பக்கத்தைக் கொடுக்கும்போது பழைய பக்கத்தைக் கையோடு வாங்கிவிடுங்கள். நாங்கள் பக்கத்தின் அடியில் தேதி அச்சிட்டு, பழையதைத் தந்தால்தான் புதியது என்று வைத்திருக்கிறோம். அப்படியிருந்தும் சென்ற மாதம் ஒரு லேத்தின் பக்கத்தில் 125 மில்லிமீட்டர் என்றிருந்த பழைய ஜெராக்ஸ் ஒன்று ஒட்டப்பட்டிருந்ததைக் கண்டேன். அதைக் கிழித்து எடுத்துவிட்டு, அன்று மாலையே மற்ற நான்கு பட்டறைகளின் சுவர்களையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.