கிராமத்துப் பாதைகளில் நிதானமாக நடக்க உங்களுக்குப் பிடித்த இடம் எது?

எங்கள் பக்கத்து இட்டேரிகள்தான்.

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: இரண்டு காடுகளின் வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடம்தான் இட்டேரி. (எங்கள் பேச்சில் காடு என்றால் மானாவாரி நிலம், புலி உலவும் வனம் இல்லை.) ஒரு மாட்டுவண்டி தாராளமாகப் போகும். எதிரே இன்னொன்று வந்துவிட்டால் யாராவது ஒருவர் பின்வாங்கித்தான் ஆக வேண்டும். சக்கரமும் மழைத்தண்ணீரும் அறுத்து அறுத்துப் பல இட்டேரிகள் பக்கத்துக் காட்டைவிட ஒரு முழம், இரண்டு முழம் பள்ளமாகக் கிடக்கும். உள்ளே இறங்கி நடந்தால் ஆடிக்காற்று தலைக்கு மேலே போய்விடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நான் நடப்பது காங்கயம் – தாராபுரம் சாலையில் ஊதியூர்ப் பக்கம். எந்த வளைவில் திரும்பினாலும் ஊதியூர் மலை கண்ணில் படும், அதனால் வழி தவறுகிற பயம் இல்லை.

இருபுறமும் கிளுவை வேலி. குச்சியை வெட்டி மழைக்கு முன் நட்டால் போதும், தழைத்துவிடும். வெள்ளைப்போளமும் குக்கிலும் தரும் மரங்களின் பேரினம்தான் இதுவும். பட்டை காகிதம் மாதிரி உரிந்து நிற்கும், கிளையை ஒடித்தால் மெல்லிய வாசம் வரும். மனிதன் நட்டது கிளுவையை மட்டும்தான். மற்றதெல்லாம் குருவியும் காற்றும் கொண்டுவந்து போட்ட விதை. போன தை மாதம் காலில் தைத்த முள்ளைப் பிடுங்க ஓரிடத்தில் உட்கார்ந்தேன். கைக்கெட்டும் தூரத்துக்குள் பிரண்டை, முசுமுசுக்கை, தூதுவளை, வெடித்துப் பஞ்சு பறக்கும் வேலிப்பருத்தி. கோவைக்கொடியில் ஒரு பழம் பாதி கொத்தப்பட்டு, சிவப்பு உள்ளே தெரியத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒரு பழத்தில் நான்கு எறும்பு. முள்ளை எடுக்க இரண்டு நிமிடம்தான் ஆனது, எழுந்திருக்க அரை மணி நேரமானது.

கௌதாரிகள் முதலில் பறக்காது. நமக்கு முன்னால் தடத்திலேயே குடுகுடுவென்று ஓடும், நாம் நெருங்கினால்தான் வேலிக்குள் நுழையும். மயில் இப்போது ஏராளம். வெளியூர்க்காரர்கள் படம் எடுக்கிறார்கள், விதைத்தவர்கள் திட்டுகிறார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் பெரும்பாலும் கொரங்காடு. உழவு இல்லாத மேய்ச்சல் நிலம்: கீழே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை. வேலி நன்றாக இருந்தால் மாட்டுக்கு ஆள் வேண்டாம், தானே மேய்ந்துவிட்டு மரத்தடியில் படுத்துக்கொள்ளும். காங்கயம் கன்று பிறக்கும்போது செவலையாக, அதாவது செந்நிறமாக இருக்கும், ஆறு மாதம் போல ஆனால்தான் சாம்பலான மயிலை நிறத்துக்கு மாறும். படலுக்கு (குச்சி கட்டிய வேலிக்கதவு) வெளியே நின்று பார்த்தால் பாதி மாறிய கன்று ஒன்றாவது இருக்கும், அழுக்குச் சட்டை போட்டது மாதிரி.

இங்கே நடப்பதில் ஒரே சங்கடம், காரணம் கேட்பார்கள். வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் ஆத்தா என்னை நிறுத்தி, "ஏங் கண்ணு, வண்டி நின்னு போச்சா?" என்றார். இல்லீங்காத்தா, சும்மா நடக்கறேன் என்றேன். "சும்மா எதுக்குச் சாமி நடக்கோணும்?" எனக்குப் பதில் வரவில்லை. சர்க்கரை இருக்குதுங்க என்று ஒரு பொய் சொன்னேன். உடனே முகத்தில் அப்படி ஓர் இரக்கம். வேலியில் கோவை இலை கொஞ்சம் பறித்துக் கையில் திணித்து, சர்க்கரைக்கு நல்லது என்றார். இப்போதெல்லாம் அந்தப் பக்கம் போனாலே, "சக்கரை எப்படி இருக்குது?" என்று விசாரிக்கிறார்.

எல்லா இட்டேரியும் அப்படியே இல்லை. நான் சின்ன வயதில் அமிச்சி (அம்மாவின் அம்மா) ஊருக்கு நடந்துபோன தடத்தில் வேலியை ஜேசிபி வைத்து வாரிவிட்டு, கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டிவிட்டார்கள். ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியவில்லை. கிளுவை அகலமாகப் படர்ந்து நிலத்தைத் தின்னும், வருடாவருடம் கழிக்க ஆளும் கிடைப்பதில்லை. ஆனால் கம்பியோரம் நடப்பதற்கு நான் போகமாட்டேன், பஸ் ஸ்டாண்டிலேயே நடந்துகொள்ளலாம்.

வருவதானால் ஐப்பசி மழைக்குப் பிறகு, தை முடிவதற்குள் வாருங்கள். பங்குனி, சித்திரையில் கிளுவை இலை உதிர்த்துவிட்டு வெறும் முள்ளாக நிற்கும். அதிகாலை அல்லது வெயில் தாழ்ந்த பிறகு. ரப்பர் செருப்பு வேண்டாம், வெள்வேல முள் அதைச் சட்டை செய்யாது. கண்ணாடி விரியன் உண்டு, அதனால் வேலியோரம் ஒட்டாமல் தடத்தின் நடுவில் நடங்கள், பொழுது சாய்ந்தால் டார்ச் அவசியம். ஊரில் இறங்கி "வாக்கிங் போக இடம்" என்று கேட்டால் பள்ளிக்கூட மைதானத்தைக் காட்டுவார்கள். இட்டேரி எது என்று கேளுங்கள்.

அப்புறம், ஏதாவது படலைத் திறந்தால் மறக்காமல் சாத்திவிட்டு வாருங்கள். மாடு வெளியே போய்விட்டால் ராத்திரி முழுக்க ஒரு குடும்பமே டார்ச்சோடு அலைய வேண்டியிருக்கும்.